சொல்லும் தூக்கமும்

கண் விழித்துப் படித்தால்தான் அயல்மொழி வரும் என்கிறார்களே, தூங்குகிறவனுக்கு வராதா?

தூங்குகிறவனுக்குத்தான் முதலில் வரும்! லியோன் நகர ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். பிரெஞ்சு பேசும் 40 பேருக்கு 16 சுவாஹிலிச் சொற்கள். ஒரு பாதியினர் காலையில் படித்து, அன்றிரவே மீண்டும் படித்தார்கள்; மறுபாதியினர் இரவில் படித்து, தூங்கி எழுந்து, காலையில் படித்தார்கள். இடைவெளி இருவருக்கும் அதே 12 மணி நேரம். ஆனால், மறந்ததை மீட்கத் தூங்கியவர்களுக்கு ஏறக்குறைய பாதி முயற்சியே போதுமாக இருந்தது; ஆறு மாதம் கழித்தும் அவர்களே முன்னால். இரவில் படித்ததால் நன்றாகப் பதிந்திருக்கும் என்று மடக்குவீர்கள். ஆனால் முதல் சுற்றில் இரு அணியும் ஒரே வேகத்தில்தான் கற்றன. ஆகவே அந்த வாதம் நிற்காது. அப்படியானால் படிக்காமலே தூங்கிவிடலாமா? முடியாது. ஆழ்ந்த உறக்கத்தில் மூளை புதிதாய்க் கற்றதை மறுபடி ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. ஓட்டிப் பார்க்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே! தேர்வு நெருங்கினால் மாணவர்கள் முதலில் வெட்டுவது இந்த உறக்கத்தைத்தான் என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம். இரவு ஒரு பக்கம், விடிந்ததும் அதே பக்கம், நடுவில் செல்பேசி எழுப்பாத தூக்கம்: இன்றைக்கே முயன்று பார்க்கிறீர்களா?