கப்பலா, தட்டா, சாயாவா?

மருமகனே, அனந்தபுரியிலே, அதான் திருவனந்தபுரத்துல, ஏதோ ஒரு சின்ன மியூசியத்துல நீ பிரசங்கம் பண்ணப் போறேன்னு உங்க அம்மை வந்து சொல்லிட்டுப் போனா. ‘நகரத்தின் வரலாறு: பொதுச் சொற்பொழிவு’ன்னு நோட்டீசும் அடிச்சாச்சாம். உன் பேருக்கு முன்னால ‘டாக்டர்’ வேற. ஊசி போடத் தெரியாத டாக்டர் நம்ம குடும்பத்துல நீதான் மொதல்.

பழைய காலமா இருந்தா தாய்மாமன் சொத்து மருமகனுக்கு. அந்த மருமக்கள்வழியைக் கவிமணி மான்மியம் எழுதிச் சிரிச்சே பாதி உயிரை எடுத்தாரு. மிச்ச உயிரை 1926ல சர்க்கார் சட்டம் போட்டு எடுத்துது. ஆகையினால தோப்பும் வயலும் என் பிள்ளைகளுக்கு. உனக்குத் தரதுக்கு எங்கிட்ட புத்திமதி மட்டும்தான் பாக்கி. வாங்கிக்கோ. முத்திரைத்தாள் செலவு கிடையாது.

நான் ஒண்ணும் கேள்விஞானத்துல பேசல. போன வருசம் அங்கே இப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருக்கேன். எந்த இடம்னு கேக்காதே. சாயா வாங்கிக் குடிச்ச இடத்தைக் குத்தம் சொல்லப்பிடாது. அம்பது நாற்காலி, பதினோரு தலை. அந்தப் பதினொண்ணுல மேடைக்குப் போக வேண்டியது ஆறு. குத்துவிளக்கு கொளுத்தணும். ஃபேன் ஓடினா திரி அணையுது, ஃபேனை நிறுத்தினா தலைவருக்கு வேர்க்குது. கடைசியில காவல்காரன் வந்து தன் தொப்பியைக் காத்துக்கு மறைச்சுப் பிடிச்சு விளக்கேத்தி வெச்சான். அன்னைக்கு அங்கே உருப்படியா நடந்த காரியம் அது ஒண்ணுதான். அவன் பேரு நோட்டீசுல இல்ல.

பிறகு ஸ்வாகதம், அதான் வரவேற்புரை, இருபது நிமிசம். அத்யட்சர் பிரசங்கம் அரைமணிக்கூர். உத்காடனம்னு ஒரு தொடக்கவுரை. அப்புறம் ‘ஆசம்ச’ன்னு ஒண்ணு உண்டு லே, வாழ்த்துரை. ரெண்டு பேரு வாழ்த்தினாங்க. பேச வந்த மனுசன் ஓரமா உக்காந்து, எழுதிக் கொண்டுவந்த தாள்ல ஒவ்வொரு பக்கமா மடிச்சு சட்டைப்பையில சொருகிட்டே இருந்தாரு. போட்டோ எடுக்கப் பையன் வந்தான். விவரமானவன். எல்லாரையும் முன்வரிசைக்குக் கூட்டிட்டு, தரையோட உக்காந்து எடுத்தான். மறுநாள் பேப்பர்ல பாத்தா சுசீந்திரம் தேரோட்டம் தோத்துது.

அந்த ஆளு பேசினது காந்தளூர்ச் சாலை பத்தி. ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்தது 985ல. நாலாம் வருசத்துலயே காந்தளூர்ச் சாலையில ‘கலம் அறுத்த’ பெருமையைக் கல்லுல வெட்டி வெச்சுட்டானில்லா. அந்தச் சாலை இன்னைக்கு வலியசாலை இருக்குத இடம்தான்னு சொல்லுகாங்க. சரி, கலம்னா என்ன? கப்பல்னு ஒரு கட்சி. சேரன் கப்பலை சோழன் நொறுக்கிட்டானாம். இல்ல, சாப்பிடுற தட்டுன்னு இன்னொரு கட்சி. சாலைன்னா பிராமணப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வேதமும் ஆயுதமும் சொல்லிக்கொடுத்த இடம். அந்தச் சோத்துக் கணக்குல சோழன் கைவெச்சான்னு அவங்க வாதம். நூறு வருசமா இந்தச் சண்டை ஓயல. நம்ம தேரூர் கவிமணியே ‘காந்தளூர்ச் சாலை’ன்னு தனிப் புஸ்தகம் போட்டு இந்த வழக்குல வக்காலத்து வாங்கியிருக்காரு.

முக்கால் மணிக்கூர் கப்பல். முக்கால் மணிக்கூர் தட்டு. எனக்கு நாலு மணிக்கே சாயா குடிச்சுப் பழக்கம். கேள்வி கேக்கலாம்னு சொன்னதும் நான்தான் மொதல்ல எந்திரிச்சேன். “ஐயா, சாலைன்னா சோறு போடுற இடம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இங்கே எப்போ?”ன்னு கேட்டேன். ஹால்ல மொதல் தடவையா எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு காகிதக் கப்பு வந்துது, கண்ணுக்கு மருந்து ஊத்துற அளவு. கலத்தை அறுத்தது ஆருன்னு எனக்கு அன்னைக்குத்தான் விளங்குச்சு.

அதே வலியசாலை அங்கேயிருந்து ஒரு ஆட்டோ தூரம் லே. அக்கிரகாரம் இருக்கு, கோயில் இருக்கு, வாசல்ல தமிழ் பேசுற பாட்டிமாரு இருக்காங்க. வந்திருந்த பதினோரு பேரையும் மூணு ஆட்டோவுல ஏத்தியிருந்தா, கப்பல் நிக்க அங்கே தண்ணி உண்டா, தட்டு வைக்க இடம் உண்டான்னு அவனவன் கண்ணால பாத்து முடிவு பண்ணியிருப்பான். ஆனா நீ அப்படிச் செஞ்சிராதே. கேக்கிறவன் எந்திரிச்சுப் போய்ப் பாக்க ஆரம்பிச்சா உன்னை மறுபடி எவன் கூப்பிடுவான்? சுவருல படம் காட்டு. கம்ப்யூட்டர் கம்பி சேராது, அதுல கால்மணிக்கூர் கழியும். வரைபடம் தலைகீழா வரும், அதுல பத்து நிமிசம்.

ராஜாக்கமாரு பேரை முழுசாச் சொல்லு. ஸ்ரீபத்மநாபதாச வஞ்சிபாலன்னு தொடங்கி, குலசேகர கிரீடபதி, மன்னே சுல்தான், ராமராஜ பகதூர், ஷம்ஷேர் ஜங்னு மூச்சு வாங்காம ஓதினா, ஒரு ராஜாவுக்கு அரை நிமிசம் நிச்சயம். மார்த்தாண்டவர்மாவுக்கு அடுத்தவர் தொட்டு சித்திரைத் திருநாள் வரைக்கும் இப்படிப் போனாலே கூட்டத்துல பாதி கரையேறியிருக்கும்.

நீ நாஞ்சில்நாட்டுக்காரன்னு மட்டும் அங்கே காட்டிக்கிடாதே, கேட்டியா. தலைநகரம் 1795 வரைக்கும் நம்ம பத்மநாபபுரத்துல கிடந்ததுன்னு சொல்லாதே. அந்த அரண்மனை நிக்குத மண்ணு தமிழ்நாட்டுல, சாவி கேரளத்துக்காரன் கையிலன்னு சொல்லாதே. 1956 நவம்பர் 1ல எல்லை பிரிச்சவன் வயலையும் குளத்தையும் நம்ம பக்கம் தள்ளிட்டு மரவேலை செஞ்ச கட்டிலை அவங்களுக்குக் குடுத்துட்டான். கல்யாண வீட்டுப் பங்காளிச் சண்டை மாதிரி. செகரட்டேரியட் முன்னால சிலையா நிக்குத வேலுத்தம்பி தளவாய் நம்ம தலக்குளத்துக்காரன். அதையும் சொல்லிராதே. 1799ல மந்திரிமாரு மூணு பேரு சேர்ந்து ஊர்ல இல்லாத வரியெல்லாம் கேட்டப்போ, அவன் நம்ம சனங்களைக் கூட்டிட்டு நடந்தே திருவனந்தபுரம் போனான். கடைசியில ஒருத்தனுக்கு நாடுகடத்தல், மத்த ரெண்டு பேருக்கும் காது போச்சுன்னு சரித்திரக்காரங்க எழுதியிருக்காங்க. நம்ம ஊர்க்காரன் அந்த நகரத்துல செஞ்ச மொதல் பொதுச் சொற்பொழிவு அதுதான்னு நான் நினைக்கேன். காது குடுத்துக் கேக்காதவனுக்குக் காது எதுக்கு?

‘பொது’ன்னு ஒரு வார்த்தை நோட்டீசுல போட்டிருக்கியே, அதையும் மெதுவாத் தொடு. ராஜா ரோடு போட்டாரு, சந்தை வெச்சாருன்னு சொல்லும்போது கூட்டம் தலையாட்டும். அந்த ரோட்டுல ஆரு நடக்கலாம்னு கேட்டா மின்விசிறியை அண்ணாந்து பாக்கும். வெங்ஙானூர் அய்யன்காளி 1893ல வில்லுவண்டி வாங்கி, தலைப்பாவும் கட்டிக்கிட்டு, பொதுவழியிலே ஓட்டிக் காட்டினாரு. ஒரு காளைவண்டி தெருவுல போனதுக்கு எதிர்ப்பு கிளம்பின நாடு அது. கோயில் வாசல் எல்லாருக்கும் திறக்க 1936 நவம்பர் வரைக்கும் காத்திருக்கணும். நம்ம பக்கத்துல தோளுக்குச் சீலை போட்டதுக்காக 1859 வரைக்கும் அடிவாங்கின பெண்களை அந்த ஹால்ல ஞாபகப்படுத்தினா, மேடையில உள்ளவங்க உனக்குப் பொன்னாடை போர்த்த யோசிப்பாங்க. ஒரு பொன்னாடை என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? சொல்லணும்னு தோணிச்சுன்னா, பொன்னாடை போர்த்தின பிறகு சொல்லு.

அப்புறம் கேள்வி நேரம். ஒருத்தர் எந்திரிப்பாரு. கேள்வி இருக்காது; அவரு குடும்பச் சரித்திரம் இருக்கும். எட்டுவீட்டுப் பிள்ளைமாரு துரத்தினப்போ மார்த்தாண்டவர்மாவை ஒளிச்சு வெச்சது அவரு முப்பாட்டனாம். உடனே இன்னொருத்தர், இல்ல, எங்க தறவாட்டுலன்னுவாரு. அவரு ஒளிஞ்சதாச் சொல்லுற நெய்யாற்றின்கரை அம்மச்சிப் பிலாவுல ஒரு பொந்துதான் உண்டு. ஆனா அனந்தபுரியில ராஜாவை ஒளிச்சு வெக்காத வீடே கிடையாது. இத்தனை வீட்டுலயும் ஒளிஞ்சுட்டு அந்த மனுசன் எப்போ வெளியே வந்து 1741ல குளச்சல்ல டச்சுக்காரனை அடிச்சாருன்னு எனக்கு இன்னமும் பிடிபடல.

நேரத்துக்கு முடிக்கணும்னு உனக்குத் தோணாது. எனக்குத் தெரியும், நீ உங்க அப்பன் பிள்ளை. அதுக்கு ஒரு வழி சொல்லுகேன். காலையில கோட்டைக்குள்ள போய் பத்மதீர்த்தக் குளத்தைப் பாத்து நிக்குத மேத்தன் மணியைப் பாரு. தாடிக்காரன் முகம் ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஆட்டுக்கிடா. மணிக்கு மணி அவன் வாயைத் திறப்பான். திறந்ததும் ரெண்டு கிடாயும் வந்து கன்னத்துல முட்டும். அந்தக் காலத்துக் கொல்லனுக்குத் தெரிஞ்சிருக்கு லே, மணிக்கூர் தாண்டி வாயைத் திறக்கிறவனுக்கு என்ன மருந்துன்னு.

கேக்கத் தெரியணும்னா நம்ம சரஸ்வதி அம்மையைப் பாரு. வருசா வருசம் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துல இருந்து ஆனை மேல ஏறிப் போறா. கூட வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. குழித்துறையில ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில ஒரு ராத்திரி. கோட்டைக்குள்ள நவராத்திரி மண்டபத்துல ஒம்பது நாளும் கச்சேரி. அங்கே பாட்டு தெளிவாக் கேக்கணும்னு கூரையில மண்பானையைக் கவுத்துத் தொங்கவிட்டிருக்கான். ஆருமே கைதட்டமாட்டாங்க. கேட்டு முடிச்சதும் அம்மை வந்த வழியே ஊருக்குத் திரும்பிருவா. ஆசம்ச கிடையாது, க்ருதக்ஞதன்னு நன்றியுரையும் கிடையாது.

இவ்வளவும் கேலி பண்ணிட்டு உருப்படியா ஒண்ணு கூடச் சொல்லாம விட்டா உங்க அம்மை என்னைத் திட்டுவா. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையைப் படிச்சுட்டுப் போ. அந்த நகரத்து மகாராஜா காலேஜுல தத்துவம் சொல்லிக்கொடுத்தவரு. 1885ல அங்கே சைவப்பிரகாச சபை தொடங்கினாரு. காலேஜு விட்டதும் கல்வெட்டுத் தேடி அலைஞ்சாரு. கல்லுல உள்ளதை வெச்சு 1894ல வேணாட்டுப் பழைய ராஜாக்களைப் பத்தி எழுதினாரு. கட்டுக்கதையைத் தூக்கித் தூரப் போட்டுட்டு, கல்லு என்ன சொல்லுது, அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன்னு நின்ன மனுசன். நாப்பத்திரெண்டு வயசுல 1897ல போய்ச் சேந்தாரு. தமிழ்நாட்டுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பாடுற தமிழ்த்தாய் வாழ்த்து அவரு எழுதினதுதான்னு அங்கே சொல்லு. மூலையில உக்காந்திருக்கிற நாலு தமிழன் நிமிருவான்.

கோட்டைக்குள்ளேயே 2022 கடைசியில ஓலைச்சுவடி மியூசியம் ஒண்ணு திறந்திருக்கான். 187 சுவடி வெச்சிருக்கு. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, நம்ம தமிழ், எல்லாம் உண்டு. மதிலகம் சுருணைன்னு சொல்லுவான், கோயில் மதிலுக்குள்ள இருந்த கணக்கோலைக் கட்டுக. நீ பேசும்போது அப்படி ஒரு ஓலையைப் படிச்சுக் காட்டு, ஒண்ணு போதும். ராஜா பேரு வந்தாத் தாண்டிப் போ. எண்ணெய் எத்தனை நாழி, நெல்லு எத்தனை பறை, தூக்கிட்டு வந்தவனுக்குக் கூலி எவ்வளவுன்னு எங்கேயாவது எழுதியிருந்தா, அங்கே நிறுத்திப் படி. சாலைக் கம்போளத்துல மூட்டை தூக்குறவன் ஒருத்தனாவது கேக்க வந்திருந்தான்னா, அவன் அந்த இடத்துல தலை நிமிந்து பாப்பான். வராட்டா உன் நோட்டீசை அவனுக்குக் குடுக்கலேன்னு அர்த்தம். ராஜா கேசவதாசன் போட்ட கடைத்தெரு அது, ரயிலடியில இருந்து நடக்கிற தூரம்தான். பத்து நோட்டீசைக் கொண்டுபோய் நீயே குடு.

குடுக்கப் போகும்போது அங்கேயே நல்ல ஏத்தங்காய் உப்பேரி அரைக்கிலோ வாங்கிரு. தேங்காயெண்ணெயில பொரிச்சதான்னு கேட்டு வாங்கு. நல்லாப் பேசினியா, சொதப்பினியான்னு நான் உப்பேரி தின்னுட்டுக் கேட்டுக்கிடுகேன்.