15 கிராம் தேற்றம்: மின்சைக்கிளை மொட்டைமாடியில் கட்டுவோர் மரபு குறித்து

ஆய்வேடுகளுக்குத் தலைப்பு வறண்டுவிட்டதென்று புலம்புகிறவர்கள், மொட்டைமாடியில் பழைய கியர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மோட்டார் மாட்டிக்கொண்டிருக்கும் மனிதரைக் கண்டுகொள்வதே இல்லை. அவருக்கு மூன்று வேட்கைகள். வண்டி மலை ஏற வேண்டும். மாடிப்படியில் தூக்கி வர லேசாக இருக்க வேண்டும். செலவு கையைக் கடிக்கக் கூடாது. சைக்கிள் சட்டம் கட்டுவதில் பேர்போன அமெரிக்கர் கீத் பான்ட்ரேகரின் பெயரால் ஒரு விதி வழங்கி வருகிறது: உறுதி, எடைக் குறைவு, விலைக் குறைவு ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒருங்கே கிட்டும். இவ்விதி நம் மொட்டைமாடிக்குப் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் துணிபு. எதை எடையில் சேர்ப்பது, எதைச் செலவில் எழுதுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் கட்டுகிறவர் கையில் இருந்தால், மூன்றும் கிட்டும்.

முதலில் வரலாறு. ஒகாயோ மாநிலத்து ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில்; பேட்டரி 10 வோல்ட்; ஓட்டம் 100 ஆம்பியர் வரை. அவ்வளவு ஆம்பியரைத் தாங்க எவ்வளவு தடித்த ஒயர் வேண்டும் என்பதை எலெக்ட்ரீஷியன் எவரிடமும் கேட்டுத் தெளிக. எடைச் சிக்கல் இத்துறையோடு உடன்பிறந்தது. மலைச் சைக்கிளோ 1970களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப்பக்கத்தில் உருவானது. பலூன் டயர் போட்ட பழைய ஷ்வின் வண்டிகளில் செங்குத்தான மண்பாதையில் இறங்குவார்கள்; கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்திருக்கும், மறுபடி அடைக்க வேண்டும். 1976இல் அதைப் பந்தயமாகவே நடத்தத் தொடங்கினார்கள். ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் வேறு: உச்சிக்குப் போக, பல சமயம் சைக்கிளை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆகவே மலைச் சைக்கிளில் மோட்டார் பிற்காலத்து இடைச்செருகல் அன்று. ஆதியிலேயே இருந்தது, சைக்கிளுக்கு வெளியே இருந்தது.

இனிச் சமயப் பிரிவுகள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி போகும், காலுக்கு வேலையில்லை என்பது ஒரு கட்சி. எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அந்த அளவுக்கே மோட்டார் கைகொடுக்கும், அதை அளக்க டார்க் சென்சார் வேண்டும் என்பது மறு கட்சி. இவ்வழக்கை வைணவப் பெரியோர் எப்போதோ விரிவாகப் பேசி, தீர்க்காமல் விட்டிருக்கிறார்கள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பார் தென்கலையார். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றினால்தான் மரம் தாண்டும் என்பார் வடகலையார். ஆக்ஸிலேட்டர்காரர் தென்கலை, சென்சார்காரர் வடகலை எனக் கொள்க. மலைப்பாதையைப் பொறுத்தவரை இவ்வாய்வாளர் வடகலை. சரளைக்கல் ஏற்றத்தில் வெடுக்கென்று முறுக்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பூனை குட்டியைக் கீழே போட்டுவிடும்.

மோட்டார் சக்கரத்திலா, பெடல் அச்சிலா என்பது உட்பிரிவு. அச்சில் வைத்தால் சைக்கிளின் கியர் மோட்டாருக்கும் உதவும், எடை நடுவில் தாழ்வாக நிற்கும். விலை கூடும், செயின் சீக்கிரம் தேயும். சக்கரத்தில் வைக்கும் சிறிய ஹப் மோட்டார் மலிவு, இரண்டரை மூன்று கிலோவில் அடங்கும். ஆனால் ஏற்றத்தில் வேகம் குறையக் குறையச் சூடேறும். (பஞ்சர் ஒட்டும் அண்ணனிடம் பின்சக்கரத்தின் மோட்டார் ஒயரைக் காட்டும்போது அவர் முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு எட்டனுள் எது என்பது தனி ஆய்வுக்குரியது.)

தேற்றத்துக்கு வருவோம். களம், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை. கணக்கு வசதிக்காக ஏற்றம் 1000 மீட்டர். ஆளும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 100 கிலோ என்க. அத்தனையையும் மேலே தூக்க ஏறக்குறைய 272 வாட்-மணி வேண்டும். மோட்டார் 80 சதவீதத் திறனோடு உழைத்தால் பேட்டரியிலிருந்து 340 போகும். இதில் ஒரு கிலோவின் பங்கு 3.4. பேட்டரிக்குள் அடுக்கும் 18650 செல், 3 ஆம்பியர்-மணி கொண்டதானால், 10.8 வாட்-மணி தரும். எடை 47 கிராம் அளவில். எனவே வண்டியில் ஒரு கிலோ குறைத்துக் கொல்லிமலை ஏறினால் மிச்சமாவது 15 கிராம் பேட்டரி. சாலை உராய்வைச் சேர்த்தால் 20ஐ நெருங்கலாம், தேற்றம் ஆடாது. அந்த ஒரு கிலோவுக்காகக் கார்பன் ஹேண்டில்பார், டைட்டானியம் போல்ட் என்று போகிறவர் செலவழிக்கும் தொகையையும், ஒரு செல்லில் மூன்றில் ஒரு பங்கின் விலையையும் அருகருகே எழுதிக் காட்டுவது சபை நாகரிகம் அன்று.

அற்றேல் எடையை ஏன் குறைக்க வேண்டும் எனின், பேட்டரி தீர்ந்த பிறகுக்காக. 30 செல் கொண்ட 36 வோல்ட் பேட்டரியில் 324 வாட்-மணிதான் இருக்கும். உராய்வை மன்னித்து, வளைவுகள் சம தூரத்தில் இருப்பதாகக் கொண்டாலும், காலையே அசைக்காத பூனைக்குட்டிக்கு 66ஆவது வளைவு தாண்டியதும் சார்ஜ் போய்விடும். அங்கே ஒவ்வொரு கிலோவும் தன் பெயரைச் சொல்லும். ஆகவே காசில்லாமல் குறைவதை மட்டும் குறைக்க: ஸ்டாண்டு, கேரியர். அடுத்து, மலிவு சைக்கிளின் முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க். அதை எடுத்துவிட்டுச் சாதா இரும்பு ஃபோர்க் போட்டாலே ஒரு கிலோவுக்கு மேல் இறங்கும், ஸ்பிரிங் செய்துவந்த வேலையையும் எவரும் பெரிதாகத் தேடமாட்டார்கள். பின்னால் ஹப் மோட்டார் போடுகிறவர் அச்சு திருகிக்கொண்டு வராதபடி டார்க் ஆர்ம் ஒன்றை லேத் பட்டறையில் வெட்டி மாட்டுவது கட்டாயம். அது எடையைக் கூட்டும். கூட்டட்டும்.

செலவியல் இன்னும் நுட்பமானது. ஸ்பாட் வெல்டிங் மெஷின், மல்டிமீட்டர், பெடல் கிராங்கைக் கழற்றும் புல்லர் ஆகியவை கருவிகள், நாளைக்கும் உதவும், எனவே வண்டியின் செலவில் வாரா. சைக்கிள் ஏற்கெனவே வீட்டில் கிடந்தது, ஆதலால் இலவசம். பொருந்தாமற்போன முதல் கன்ட்ரோலர் கல்விச் செலவு. கூரியர் கட்டணம் போக்குவரத்துத் துறை சார்ந்தது. இவ்வாறு கழிக்கத் தெரிந்தவருக்கு எந்த வண்டியும் சிக்கனமே.

ஓரிடத்தில் மட்டும் ஆய்வாளர் நடுநிலையைக் கைவிடுகிறார். பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, கிடைத்த செல்களைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் தளர்ந்திருக்கும். வரிசையில் இளைத்த செல்தான் முதலில் காலியாகும், முதலில் கெடும். அதைவிடப் பெரிய ஆபத்து, செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை என்பது. நேர்முனையில் பற்றவைத்த நிக்கல் பட்டைக்கும் அந்த உடலின் விளிம்புக்கும் நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. மலைப்பாதையின் அதிர்வில் அது தேய்ந்தால் தீ. மின்காப்புக்குப் பார்லி பேப்பர் வளையம் வைக்காமல், செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் இல்லாமல் கட்டுவது சிக்கனமாகாது. கட்டத் தெரியாதவர் நல்ல பேட்டரியை விலைகொடுத்து வாங்குக.

எதிர்த்தரப்பும் பதிவாக வேண்டும். டார்க் ஆர்மை வெட்டிக்கொண்டே பட்டறை அண்ணன் கேட்பார்: “தம்பி, இந்தக் காசுக்குப் பழைய டிவிஎஸ் 50 ஒண்ணு கிடைக்குமே?” 1980இல் ஓசூரிலிருந்து வந்த அந்த வண்டிக்கு எஞ்சினும் இருந்தது, பெடலும் இருந்தது, இரண்டு பேரையும் ஏற்றியது. மறுமொழி கிடைக்காத கேள்விகள் ஆய்வேட்டில் ‘எதிர்கால ஆய்வுக்குரியன’ என்ற தலைப்பின்கீழ் வரும்.

கழித்துக் கணக்கிடுவதில் நம்மவர் தனியாக இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய மின்வண்டி, மோட்டார் வாகனம் ஆகாது. அதன் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது, பேட்டரியைச் சேர்க்காமல். அரசே பேட்டரியை நிறுக்காதபோது குடிமகன் நிறுப்பது அதிகப்பிரசங்கித்தனம். அதே விதி, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக இரண்டு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்கிறது. எடை குறைக்கும் வேகத்தில் மொட்டைமாடியில் முதலில் கழற்றப்படுபவை அவைதாம். ஒன்றுக்கு 30 கிராம் என்று வைத்தால், தேற்றப்படி இதனால் மிச்சமாவது ஒரு கிராமுக்கும் குறைவான பேட்டரி.