கரையில் நிற்கும் கன அடி

ஃப்ளோரிடாவில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளில் ஏப்ரல், மே வாக்கில் ஓர் அப்பா வந்து இறங்குவார். ஆறு மாதம் தங்க அனுமதி, நான்கு பெட்டி. அதில் மூன்றேமுக்கால் பெட்டி அம்மாவின் பொடி, வடகம், ஊறுகாய். முதல் வாரம் டிஸ்னி வேர்ல்டைக் காட்டுவார்கள். நடந்து கால் வலிக்கும், டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கி நெஞ்சு வலிக்கும். "இனிமே வீட்டுலயே இருந்துக்கறேன்ப்பா" என்று சோபாவில் சாய்ந்துவிடுவார். மகன் யோசித்து, அதிகம் செலவில்லாத இடமாகக் கண்டுபிடிப்பதுதான் ஊற்று.

ஃப்ளோரிடாவில் ஊற்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழையெல்லாம் அதன் பொந்துகளில் இறங்கி, ஓடி, ஏதோ ஓர் இடத்தில் பொங்கி வருகிறது. ஆர்லாண்டோவிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போகக்கூடியது ஆரஞ்சு சிட்டியிலுள்ள புளூ ஸ்பிரிங். நீந்தலாம், டியூபில் மிதக்கலாம், பக்கத்து ஆற்றில் படகு விடலாம்.

ஊற்றுக்கு வரும் அப்பாக்களில் பல ரகம் உண்டு. வங்கியில் ஓய்வு பெற்றவர் மரத்தடியில் துண்டு விரித்துத் தூங்குவார். தலைமையாசிரியராக இருந்தவர், யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல், படியில் ஓடுகிறவர்களை எல்லாம் அதட்டுவார். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவை. அந்தப் பிரிவு இப்போது நீர்வளத்துறை என்று தனியாகப் பிரிந்துவிட்டது. அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது இன்னும் பி.டபிள்யூ.டி.தான், அவர் இன்னும் அதில்தான் இருக்கிறார்.

கோடை வார இறுதியில் பூங்கா வாசல் திறக்கும் முன்பே கார்கள் வரிசை கட்டிவிடும். இடம் நிறைந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். இதை முந்தின நாள் இரவு மகன் சொல்லியிருக்கக் கூடாது. விடிகாலை நாலரைக்கே அப்பா குளித்து, முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, விளக்கைப் போடாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிக்க எழுந்து வரும் மருமகள் அலறுவாள். "ஒண்ணுமில்லம்மா, நான்தான். நேரமாச்சு, கிளம்பலாமா?"

வாசலில் கட்டணம் ஒரு காருக்கு 6 டாலர். எட்டுப் பேர் வரைக்கும் அதேதான். இவர்கள் காரில் ஆறு பேர். அப்பாவின் முகம் வாடிவிடும். "ரெண்டு பேருக்குக் கொடுத்த காசு வீண்தானே? பின்னாடி கார்ல கேட்டுப் பாரேன், யாராச்சும் ஏறிக்கறாங்களான்னு."

ஊற்றை முதலில் பார்த்ததும் எல்லோரும் வாய்விட்டு ஏதாவது சொல்வார்கள். அப்பா சொல்வதில்லை. நீலமும் பச்சையுமாக, அடியில் கிடக்கும் கட்டையும் மீனின் நிழலும் தெரிகிற அளவுக்குத் தெளிந்த நீர். அவருக்கு இது பழக்கமில்லாத தண்ணீர். அவர் அறிந்த தண்ணீர் ஷட்டரைத் தூக்கியதும் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு வரும். இது சத்தமே போடாமல் கீழிருந்து வருகிறது. குனிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"வண்டலே இல்லியே. இது வயலுக்கு ஆகாது."

"வயலுக்கு இல்லப்பா, குளிக்கறதுக்கு."

"சரி, ஷட்டர் எங்க இருக்கு?"

"ஷட்டரெல்லாம் கிடையாதுப்பா. தானா வருது."

"தானா வருதா? அப்ப லஸ்கர் யாரு?"

மதகைத் திறந்து மூடும் ஊழியர்தான் லஸ்கர். அப்படி ஒருவர் இல்லாமலேயே ஒரு நீர்நிலை இரவும் பகலும் நடக்கிறது என்பது அவருக்குக் கொஞ்சம் அவமரியாதையாகவே படும். நியாயம்தானே! ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறப்பது என்றால் எத்தனை கடிதம், எத்தனை கூட்டம், மேடை, பூ தூவ வருகிற பெரிய மனிதர்கள்! இங்கே ஒரு செவ்வந்திகூட இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு வருகிறது, அதில் ஒருவர் ரப்பர் வாத்தின் மேல் படுத்துக்கொண்டு போகிறார்.

அடுத்து, காக்கி உடுப்பைத் தேடுவார். காக்கியைக் கண்டால் அவருக்கு ஒரு தெம்பு. பூங்கா ஊழியர் ஒருவரை மடக்கி, "வாட் ஈஸ் த டிஸ்சார்ஜ் ஹியர்?" என்பார். டாய்லெட் எங்கே என்ற கேள்விக்கே நாளெல்லாம் பதில் சொல்லிச் சலித்த அந்த இளைஞனுக்கு உற்சாகம் பொங்கிவிடும். நாளொன்றுக்குப் பத்துக் கோடி கேலனுக்கு மேல் என்பான்.

கேலனா? தண்ணீரைப் பால்காரர் மாதிரி அளப்பதா? சட்டைப் பையிலிருந்து பேனா வரும், மளிகைக் கடை ரசீதின் முதுகு வரும். ஒரு கன அடிக்கு 6.23 கேலன் என்று வகுத்து, 86,400 விநாடியால் மறுபடி வகுத்து, "186 கன அடி" என்று அறிவிப்பார். மகன் போனைப் பார்த்து, "அமெரிக்க கேலன் சின்னதுப்பா, ஒரு கன அடிக்கு 7.48" என்பான். அப்பா திரும்பப் போடுவார். 155 வரும். முப்பத்தொரு கன அடி கண்ணெதிரே காணாமல் போனதை அவரால் தாங்க முடியாது. "கேலன்லகூடக் கஞ்சத்தனமா இவனுங்களுக்கு?"

அதோடு நிற்குமா? 155 கன அடி இரவு பகலாக ஓடினால் ஒரு டி.எம்.சி. சேர 75 நாள். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆக, இந்த ஊற்றைக் கொண்டுபோய் மேட்டூரில் விட்டால் அணை நிரம்ப 19 வருஷம் ஆகும். "19 வருஷம்!" என்று படியில் இறங்கிக்கொண்டிருக்கும் நீச்சலுடைக் குடும்பம் ஒன்றிடம் சொல்வார். அவர்கள் புன்னகைத்து, 'கிரேட்' என்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊற்றுகளைத் தரம் பிரிக்க அமெரிக்க நிலத்தடி நீர் அறிஞர் ஆஸ்கார் மைன்சர் 1927-இல் ஒரு முறை வகுத்தார். விநாடிக்கு 100 கன அடியோ அதற்கு மேலோ தள்ளுவது முதல் தரம். அப்புறம் படிப்படியாக இறங்கி எட்டாம் தரத்தில் சொட்டுச் சொட்டாக முடியும். கேலன் பேசுகிற நாட்டிலும் தரம் பிரிக்கக் கன அடிதான் வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் அப்பாவுக்கு மைன்சர் மேல் தனி மரியாதை வந்துவிடும். ஏதோ மதுரை சர்க்கிளில் கூட வேலை பார்த்தவர் போலப் பேசுவார். இதே அளவையால் அப்பாக்களையும் தரம் பிரிக்கலாம் என்பது என் யோசனை. தூங்கும் வங்கி அப்பா எட்டாம் தரம். நம்மவர் முதல் தரம். ஆண்டு முழுக்க வெப்பம் மாறாமல் அறிவுரை சுரப்பார்.

அந்தச் சுரப்பின் முழு அளவும் பேரப்பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும்போது தெரியும். ஊற்று நீர் ஏறத்தாழ 72 ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 22 டிகிரி. வெளியே வெயில் கொளுத்தும்போது காலை வைத்தால் முழங்கால் வரை விறைக்கும். அப்பா கரையில் நடைபாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கையை நீட்டிப் போடு! காலை உதை! அங்க போகாதே, அங்க இழுப்பு இருக்கு! தலையை நனைச்சியா? முதல்ல தலையை நனைக்கணும்!" என்று நீச்சல் முழுவதையும் வாயாலேயே முடித்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்மணி இவர் யாரோ பயிற்சியாளர் என்று நினைத்துத் தன் பையனையும் தள்ளி விடுவாள்.

"தாத்தா, நீங்களும் வாங்க!" என்று பேத்தி கூப்பிடுவாள். அப்போதுதான் அந்த ரகசியம் வெளியே வரும். வேலைக்காலம் முழுக்க அணையிலும் வாய்க்காலிலும் கழித்தவருக்கு நீச்சல் தெரியாது. இதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. "பேங்க் மேனேஜருக்கு நோட்டு அடிக்கத் தெரியணுமா என்ன? நான் தண்ணியைத் திறந்து விடறவன். அதுல குதிக்கறவன் இல்ல."

இந்த வசனத்தை அவர் முடிப்பதற்குள் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அம்மா.

அம்மாவை யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், மோர் மிளகாய் இருக்கும் பையைக் காவல் காத்தபடி இருந்தவள். மருமகளின் சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு எப்போது படியிறங்கினாள் என்று தெரியாது. சிறுவயதில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் பழகியவளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எதிர்நீச்சலில் பேத்தியைத் தாண்டிப் போய் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, தண்ணி என்னமா இருக்குங்கறீங்க! எறங்குங்க" என்பாள். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஈரத் தலையோட ரொம்ப நேரம் இருக்காதே" என்பார். அன்று அவர் சொன்ன அறிவுரைகளில் அது ஒன்றுதான் மெல்லிய குரலில் வந்திருக்கும்.

குளிர்காலத்தில் வந்து சேரும் அப்பாக்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை இங்கே மனிதர் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஊற்று முழுவதும் கடற்பசுக்களுக்கு. நம் பாக் நீரிணையில் மேயும் ஆவுளியாவுக்கு இது ஒன்றுவிட்ட உறவு. ஆற்று நீர் குளிர்ந்துபோனால் இவற்றுக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் 72 டிகிரி தேடி இங்கே வந்து குவிகின்றன. 2024 ஜனவரியில் ஒரே நாளில் 900-க்கும் மேல் எண்ணினார்கள். யாரும் நீந்தக் கூடாது, எல்லோரும் நடைபாலத்தில் வரிசையாக நின்று பார்க்க வேண்டும் என்ற இந்த விதி அப்பாவின் மனத்துக்கு உகந்தது. அசையாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும் கடற்பசுக்களைப் பார்த்து, "மார்ச் மாசம் எங்க சப்-டிவிஷன் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு பெருமூச்சும் விடுவார்.

கோடைக்கு வருவோம். ஊற்றுக்கண் இருக்கும் இடத்தில் முக்குளிப்பவர்கள் உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். உள்ளே குகை; ஆழம் ஏறத்தாழ 120 அடி என்று மகன் அங்கிருக்கும் பலகையைப் படித்துச் சொல்வான். அப்பா நிமிர்ந்துவிடுவார். 120 அடி! மேட்டூரின் முழு நீர்மட்டமும் 120 அடிதான். தமிழ்நாட்டில் எந்தச் செய்தித்தாளைத் திறந்தாலும் இருக்கிற எண்ணாயிற்றே. வந்ததிலிருந்து குறை மட்டுமே கண்ட மனிதர், முதன்முறையாக அந்த நீலக் குழியைச் சக அதிகாரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். போட்டோவும் எடுத்துக்கொள்வார். எடுத்தது என்னவோ பலகையை.

சாப்பாட்டுக்குப் பிறகு படகு. ஊற்று ஓடிப்போய்ச் சேரும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் கனூ வாடகைக்குக் கிடைக்கும். நீச்சல் தெரியாதே என்று மகன் தயங்க, அப்பா லைஃப் ஜாக்கெட்டை உள்ளும் புறமும் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, தானே பாஸ் பண்ணிவிட்டு ஏறிவிடுவார். நட்டநடுவில் உட்கார்ந்துகொள்வார். துடுப்பைத் தொடமாட்டார். முன்னால் பேரன், பின்னால் மகன்; நடுவிலிருந்து உத்தரவு. இரண்டு பேரும் அவர் சொன்னபடியே போடுவதால் கனூ ஒரே இடத்தில் சுற்றும்.

"தாத்தா, அலிகேட்டர்!" என்று பேரன் கை நீட்டுவான். கரையில் ஒன்று வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

"சாத்தனூர் டேம்ல பாக்காத முதலையா!"

"சாத்தனூர்ல வேலி இருந்துதேப்பா" என்பான் மகன்.

அதன்பிறகு கனூ நேராகப் போகும். உத்தரவு ஏதும் இல்லாததுதான் காரணம். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மா தனியா இருப்பா, திரும்பிடலாம்" என்று ஒரு குரல் வரும். அம்மா அப்போது டியூப் ஒன்றில் சாய்ந்து, பக்கத்து டியூபில் வந்த கொலம்பியாக்காரப் பாட்டியிடம் தமிழிலேயே மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இரவு எட்டு மணிக்கு அப்பா போனை எடுப்பார். ஊரில் அப்போது விடிகாலை ஐந்தரை. உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அந்த நேரத்துக்கு எழுந்து காபிக்குக் காத்திருப்பார். மற்றவர்கள் இவரிடம், பேரப்பிள்ளைகள் சௌக்கியமா, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். நண்பர் அந்த வழிக்கே போவதில்லை.

"எவ்வளவுப்பா வருது?"

"155."

"பரவால்லியே. சர்ப்ளஸ் எங்க போகுது?"

"பக்கத்துல ஒரு ஆறு. அது வடக்கே ஓடுது."

"வடக்கேயா?"

"வடக்கேதான். 310 மைல். மொத்த இறக்கம் 30 அடிகூட இல்லியாம். மைலுக்கு ஒரு இஞ்ச் வருது."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று அப்பா இரண்டு முறை ஹலோ சொல்வார்.

"இருக்கேன், இருக்கேன்" என்பார் நண்பர். "லெவல் எடுத்தது யாருன்னு விசாரிச்சியா?"

"நாளைக்குக் கேக்கறேன்."

"கேளு. மெஷர்மென்ட் புக்கைப் பாக்காம எதையும் நம்பாதே."