சுவரொட்டி செய்த கொலை

2019 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் எல் பாஸோ நகரம். பள்ளி திறக்கும் நேரம். வால்மார்ட் கடையில் நல்ல கூட்டம். பத்து மணி நேரம் காரோட்டிக்கொண்டு வந்த ஒருவன் துப்பாக்கியோடு இறங்கினான். 23 உயிர் போயிற்று. சுடக் கிளம்பும் முன் காரணத்தையும் அவனே எழுதி இணையத்தில் போட்டுவிட்டான். ஸ்பானிய மொழிக்காரர்கள் வந்து டெக்சஸைப் பிடித்துக்கொள்கிறார்களாம். துப்பறிய வேலையே இல்லை. கொலைகாரனே வாக்குமூலம் எழுதிக் கொடுத்த வழக்கு.

கடை நிர்வாகம் சும்மா இருக்குமா? அந்த வாரமே நாடு முழுதும் உள்ள கிளைகளுக்கு உத்தரவு பறந்தது. வன்முறையைக் காட்டும் வீடியோ கேம் சுவரொட்டிகளை எடுங்கள். கடையில் ஆடிக்காட்ட வைத்திருக்கும் சண்டை கேம்களை அணையுங்கள். விளையாட்டுச் சாமான் பகுதியில் ஓடும் வேட்டைப் படங்களையும் நிறுத்துங்கள்.

நிறுத்தினார்கள். வேட்டைப் படம் ஓடிய திரை இருண்டது. வேட்டைத் துப்பாக்கி மட்டும் வழக்கம்போல் விற்பனைக்கு இருந்தது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பதை நிறுத்தப்போவதாக அதே கடை அறிவித்தது. ஆனால் பிணங்கள் மண்ணுக்குள் போகும் முன்பே தண்டனை பெற்ற முதல் குற்றவாளி சுவரொட்டிதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அமெரிக்காவில் அந்த ஆண்டிக்குப் பெயர் வீடியோ கேம். 1976-இல் 'டெத் ரேஸ்' என்று ஒரு கேம் வந்தது. குச்சி பொம்மை மாதிரி உருவங்கள் மேல் கார் ஏற்ற வேண்டும். திரையில் நாலு வெள்ளைக் கோடு ஓடும், அவ்வளவுதான். அதற்கே நாடு கெட்டது என்று கூக்குரல். 1993-இல் செனட்டர்கள் கூடி உட்கார்ந்து 'மார்ட்டல் காம்பாட்' பார்த்து முகம் சுளித்தார்கள். 2018-இல் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, டிரம்ப் கேம் கம்பெனிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து 88 விநாடி வெட்டுக்குத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். உலகத்தின் மிக வலிமையான ராணுவத்துக்குத் தலைவர், திரையில் ரத்தத்தைப் பார்த்துப் பதறிய 88 விநாடி அது.

2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபோது இன்னும் வேடிக்கை. கொலைகாரன் யாரென்று போலீஸ் பெயர் சொல்லும் முன்பே, டி.வி.யில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்து கேம்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பிறகு மாநில அரசு அமைத்த குழு விசாரித்தது. அவன் கல்லூரியில் கேம் ஆடி யாரும் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஆடியது 'சோனிக்'. நீல நிற முள்ளெலி ஒன்று வளையம் பொறுக்கிக்கொண்டு ஓடும். அதுதான் 32 கொலைக்கும் பயிற்சிக் கல்லூரி.

2012 டிசம்பர், சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளி. 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். சுட்டவன் வீட்டில் சுடும் கேம்கள் இருந்தன. உண்மை. ஆனால் அவன் ஒரு தியேட்டர் வாசலில் மணிக்கணக்காக நின்று ஆடியது எது தெரியுமா? பாட்டுக்கு ஏற்றபடி காலை மாற்றி மாற்றி வைக்கும் நடன கேம். இது விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. பரத நாட்டியத்தைத் தடை செய்யச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை. அந்த வீட்டில் துப்பாக்கிகளை வாங்கி வைத்தவர் அவனுடைய தாய். எல்லாம் சட்டப்படி, ரசீதோடு. முதலில் செத்ததும் அவர்தான்.

அந்தப் படுகொலை நடந்து ஒரு வாரம் கழித்து, தேசிய ரைபிள் சங்கத்தின் செயல் துணைத் தலைவர் வெய்ன் லாபியர் நிருபர்களைக் கூட்டினார். துப்பாக்கிப் பிரியர்களின் சங்கம். வாஷிங்டனில் அதன் கண்ணசைவுக்கு எம்.பி.க்கள் எழுந்து நிற்பார்கள். லாபியர் கேம்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினார். பிள்ளைகளைக் கெடுக்கும் தொழில் என்றார். ஒரு மாதம் போனது. 2013 ஜனவரியில் அதே சங்கத்தின் பெயரில் ஒரு கேம் கைபேசிக்கு வந்தது. என்ன கேம்? துப்பாக்கி சுடும் கேம். யாருக்கு? நாலு வயது முதல் ஆடலாம் என்று போட்டிருந்தது. 99 சென்ட் கூடக் கொடுத்தால், மறைந்திருந்து சுடும் ராணுவ ரகத் துப்பாக்கியும் கிடைக்கும். பிறகு ஊர் சிரிக்கவே வயதைப் பன்னிரண்டாக்கினார்கள்.

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் தொட்டிலுக்குள் துப்பாக்கியை வைத்துவிட்டு ஆட்டியவர்கள்.

(இந்த லாபியர்தான் சங்கத்துப் பணத்தில் தனி விமானத்தில் பறந்து சொகுசாக வாழ்ந்தவர். 54 லட்சம் டாலர் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு என்று 2024-இல் நியூயார்க் ஜூரி சொன்னது. எந்த கேம் ஆடி இதைக் கற்றார் என்று ஜூரி கேட்கவில்லை.)

அரசாங்கம் மட்டும் சளைத்ததா? அமெரிக்க ராணுவமே 2002-இல் ஒரு கேம் வெளியிட்டது. பெயர் 'அமெரிக்காஸ் ஆர்மி'. இலவசம். நோக்கத்தை மறைக்கவில்லை. ஆள் சேர்க்க. இருபது ஆண்டு ஓடி 2022-இல்தான் கடையைக் கட்டியது. நடுவில் 2008-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் ஒரு கோடி டாலருக்கு மேல் கொட்டி ராணுவ அனுபவ மையம் ஒன்று திறந்தார்கள். பதின்மூன்று வயதானால் போதும். போர் ஹெலிகாப்டர் மாதிரியில் உட்கார்ந்து திரையில் சுடலாம். இரண்டே ஆண்டில் மூடினார்கள். ஆக, கடையில் விற்ற கேம் பையனைக் கொலைகாரனாக்கும். அரசாங்கம் சும்மா கொடுத்த கேம் பையனைத் தேசபக்தனாக்கும். குண்டு ஒன்றுதான். முத்திரைதான் வேறு.

இந்தக் கூத்துக்கெல்லாம் உச்சம் 2005 அக்டோபர். அந்த மாதம் 7-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. வன்முறை கேமைச் சிறுவருக்கு விற்றால் ஆயிரம் டாலர் வரை அபராதம். கையெழுத்திட்ட ஆளுநர் யார்? அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர். 'டெர்மினேட்டர்'. 'கமாண்டோ'. திரையில் இவர் சாய்த்த ஆட்களுக்குச் சுடுகாடு கட்ட வேண்டுமென்றால் தனி வட்டமே வேண்டும். அந்தக் கைதான் பேனா பிடித்து, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று எழுதியது.

அதே மாதம் 26-ஆம் தேதி வாஷிங்டனில் இன்னொரு கையெழுத்து. போட்டவர் ஜார்ஜ் புஷ். துப்பாக்கியால் குற்றம் நடந்தால், அந்தத் துப்பாக்கியைத் தயாரித்தவர் மேலும் விற்றவர் மேலும் பெரும்பாலும் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று ஒரு சட்டம். மூன்றே வாரத்தில் நாடு தன் மனதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. துப்பாக்கிப் படம் விற்றால் அபராதம். துப்பாக்கி விற்றால் பாதுகாப்பு.

கலிஃபோர்னியா சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-இல் விழுந்தது. ஏழுக்கு இரண்டு. தீர்ப்பு எழுதிய ஸ்காலியா பழுத்த பழமைவாதி. குழந்தைக் கதைகளில் இல்லாத கொடூரமா என்று கேட்டு, ஹான்ஸலும் கிரெட்டலும் கிழவியை அடுப்புக்குள் தள்ளியதை நினைவூட்டினார். நம் பாட்டிகளைக் கேட்டிருந்தால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பார்கள். நரசிம்மர் இரணியன் வயிற்றைக் கிழித்துக் குடலை மாலையாகப் போட்டுக்கொண்ட கதையைச் சொல்லித்தான் நமக்குப் பருப்புச் சோறு ஊட்டினார்கள். ஊட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் வங்கியில் காசாளர் ஆனார்கள். தோற்ற வழக்குக்கு கலிஃபோர்னியா அரசு எதிர்த்தரப்பு வக்கீல்களுக்குக் கட்டியது பத்து லட்சம் டாலருக்கு மேல். வரிப்பணம்தான். வேறு யார் பணம்?

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? கேட்க வேண்டியதுதான். ஆனால் சிரிக்காமல் கேட்க வேண்டும். கேம் ஆடியவனுக்கு ஆக்ரோஷம் ஏறிவிட்டதா என்று பரிசோதனைக் கூடத்தில் எப்படி அளக்கிறார்கள்? காரம் பிடிக்காத ஒருவருக்கு மிளகாய் சாஸ் ஊற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். நிறைய ஊற்றினால் ஆக்ரோஷம். இந்த அளவுகோலைக் குண்டூருக்குக் கொண்டுபோனால் மாவட்டத்தையே உள்ளே தள்ள வேண்டிவரும். இன்னொரு முறை, எதிராளியின் காதில் எவ்வளவு சத்தம் பாய்ச்சுகிறான் என்று பார்ப்பது. ஆடி மாதத்தில் நம் தெரு முனைக் குழாய் ஒலிபெருக்கிக்காரரை இவர்கள் இன்னும் சந்திக்கவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் அளந்து பேசியது. வன்முறை கேமுக்கும் கத்துவது, தள்ளுவது மாதிரியான நடத்தைக்கும் சிறு தொடர்பு உண்டு. கொலை மாதிரியான வன்முறைக்கு கேமைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. கத்துவதும் தள்ளுவதும்! இரண்டும் காலை எட்டரை மணித் தாம்பரம் மின்சார ரயிலில் கேம் இல்லாமலே கிடைக்கும்.

சினிமா கதை இதைவிட நன்றாக இருக்கிறது. 2009-இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். வெட்டுக்குத்துப் படத்துக்குக் கூட்டம் கூடும் நாட்களில் அமெரிக்காவில் அடிதடி கூடவில்லை. குறைந்தது. ஒரு வாரக் கடைசிக்கு ஏறக்குறைய ஆயிரம் தாக்குதல் குறைவு என்றார்கள். காரணம் ரொம்ப எளிது. அடிக்கக்கூடிய ஆள் தியேட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறான். குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

பத்து வயதுப் பையன் நள்ளிரவு வரை ஆள் சுட்டு விளையாடுவது நல்லதென்று யாரும் சொல்லவில்லை. தூக்கம் கெடும். கணக்கில் மார்க் போகும். வீட்டில் சண்டை வரும். அது பெற்றோர் பாடு. கொலை வழக்கு வேறு.

கேம் கொலை செய்யும் என்றால் ஜப்பான் இந்நேரம் காலியாகியிருக்க வேண்டும். நின்டெண்டோவும் சோனியும் பிறந்த ஊர். அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களைப் பல ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவில் 2021-இல் மட்டும் 48,000-க்கு மேல், தற்கொலையும் சேர்த்து. இரண்டு ஊரிலும் பையன்கள் கையில் இருப்பது ஒரே கேம். அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் கூடுதலாக 39 கோடித் துப்பாக்கி இருக்கிறது. ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிஞ்சும். இதை ஆராயலாமே என்பீர்கள். நோய்த் தடுப்பு மையம் ஓர் ஆண்டில் துப்பாக்கிச் சாவை ஆராயச் செலவிட்டது 26 லட்சம் டாலர். 1996-இல் நாடாளுமன்றம் அதே 26 லட்சத்தை மைய நிதியில் பைசா பிசகாமல் வெட்டியது. பிறகு இருபது ஆண்டுக்கு மேல் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. மிளகாய் சாஸ் ஆராய்ச்சிக்கு அந்தத் தடை இல்லை.

அமெரிக்காவைப் பார்த்துச் சிரித்தது போதும். நம் முதுகையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம்.

2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீஸ் கமிஷனர் பப்ஜி என்ற சுடும் கேமைத் தடை செய்தார். சில நாளில் இளைஞர்கள் பத்துப் பேர் கைது. குற்றம், கைபேசியில் பப்ஜி ஆடியது. ஆட்டத்தில் மூழ்கிப் போலீஸ் வந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை என்று போலீஸே சொன்னது. பொய்த் துப்பாக்கி வைத்திருந்தவர்களை நிஜத் துப்பாக்கிக்காரர்கள் வளைத்துப் பிடித்த வீரம், நம் காவல் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. 2020 செப்டம்பரில் அந்த கேமுக்கு நாடு முழுதும் தடை வந்தது. வன்முறைக்காக அல்ல, சீனத் தொடர்புக்காக. அடுத்த ஆண்டே புதுப் பெயரில் திரும்பி வந்தது. புது வடிவில் யாரும் யாரையும் கொல்வதில்லை, 'முடிக்கிறார்கள்'. ரத்தமும் சிவப்பாக இல்லை. பச்சை. கீரையைக் கடைந்து தெளித்த மாதிரி. கலாசாரம் காப்பாற்றப்பட்டது.

எல் பாஸோவுக்குப் பிறகு சுவரொட்டி இறங்கிய அதே 2019 ஆகஸ்டில், தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை ஒன்று வெளியே வந்தது. மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டுகிறார்கள், அந்தப் பள்ளிகளைக் கண்டறிந்து தடுத்து நிறுத்துங்கள் என்றது. எதிர்ப்புக் கிளம்பியது. அமைச்சர் உடனே சொன்னார்: அது என் கவனத்துக்கு வராமல் போன சுற்றறிக்கை, பழைய நடைமுறையே தொடரும். தொடர்ந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவன் வீட்டுக்குள் அரிவாளோடு ஆட்கள் புகுந்தார்கள். ஆட்கள் என்ன ஆட்கள், அதே பள்ளியில் படித்த பையன்கள். அவன் தலித் மாணவன். தங்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொன்னான் என்பது கோபம். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்த அரிவாளை எந்த கேமும் கொடுக்கவில்லை. அந்த ரத்தம் பச்சையாகவும் இல்லை.

அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்துக் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்று பல பரிந்துரை. அந்த மாதமே சென்னை மாமன்றக் கூட்டத்தில் பா.ஜ.க. கவுன்சிலர் ஒருவர் எழுந்து நின்று அறிக்கையின் நகலைக் கிழித்துப் போட்டார்.

வால்மார்ட்டாவது சுவரொட்டியைத்தான் கிழித்தது.