ஆண்டாய்வு: அன்றும் இன்றும்

எழுபதுகளில் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆண்டாய்வு என்றால் திருவிழாதான். முதல் நாளே முற்றத்தில் சாணம் தெளிப்போம். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகையில் பூசுவோம். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பேடு என்று மேசை நிறைய அடுக்கிவைப்பார். நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு முன்வரிசை. எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்குக் கடைசி வரிசை. என் வகுப்புப் பையன் ஒருவனை அன்றைக்குப் பள்ளிக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மாடு மேய்க்கப் போனான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவே இல்லை.

வந்த அதிகாரி நல்ல மனிதர். ஆனால் பதிவேடுகளைப் புரட்டவே அவருக்குப் பொழுது சரியாக இருக்கும். பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார், குறள் ஒப்பிக்கச் சொல்வார், கையெழுத்துப் போட்டுக் கிளம்புவார். அவர் குறிப்பில் ஒழுகும் கூரை இடம்பெறும். வராத பையன் இடம்பெற மாட்டான்.

நானும் ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அன்று எங்கள் அம்மாக்கள் பள்ளி வாசலோடு நின்றுவிடுவார்கள். இன்று ஒரு தாய் காலை உணவை ருசி பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறோம்.

2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். வட்டார வளமையத்திலிருந்து வந்த ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் அரும்புப் பிள்ளைகளோடு பாயிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒதுங்கியிருந்த சிறுமியை அழைத்து, "நீ வாசி பாப்பா" என்று ஓர் அட்டையைக் காட்டினார். 'பட்டம்' என்பதை அவள் 'படம்' என்றாள். அடுத்த அட்டையில் 'கட்டம்', 'கடம்' ஆனது.

"டீச்சர், இவளுக்கு எழுத்தெல்லாம் தெரியுது. நடுவுல புள்ளி வச்ச எழுத்து வந்தாத்தான் விட்டுடுறா. ஒரு வாரம் அதை மட்டும் பண்ணுங்க" என்றார். வகுப்பாசிரியை முகத்தில் பயம் இல்லை, குறித்துக்கொண்டார்.

பக்கத்து அங்கன்வாடியிலும் இதே கவனம்தான் பலன் தருகிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் உயிர்நாடி அங்குள்ள எடை பார்க்கும் தராசு. எடையை மாதாமாதம் வளர்ச்சி அட்டையில் குறித்துவந்தால், பிள்ளை மெலிவது தாயின் கண்ணுக்குப் படுமுன்பே கோடு காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்து ஊழியர் தாயிடம் பேசினால்தான் எடை பார்த்ததற்கே பொருள்.

என் கவலையெல்லாம் கைபேசியைப் பற்றித்தான். வருகை, மதிப்பீடு, உணவு எல்லாமே இப்போது செயலியில் ஏறுகின்றன. தகவல் தேவைதான். ஆனால் அதை ஏற்றுவதிலேயே ஆசிரியையின் காலைப்பொழுது கரைந்து, ஆய்வுக்கு வருபவரும் திரையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், பழைய மேசையும் பதிவேடுகளும் வேறு வடிவில் திரும்பிவிட்டன என்றுதான் சொல்வேன்.

ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளையோடு முதலில் உட்காருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை ஆசிரியைக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை வரும்போது வேறெதையும் கேட்குமுன், அந்தப் பிள்ளை இப்போது எப்படி வாசிக்கிறது என்று கேளுங்கள்.