ஊரைப் படிப்பது எப்படி? கேள்வி – பதில்

● முதுகலையில் சுற்றுச்சூழல் இலக்கியம் எனக்குப் பாடம். முதலில் யாரைப் படிக்கலாம்?
– மாணவி, மதுரை

மா. கிருஷ்ணனை. 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். யானைக்குக் கொடுத்த அக்கறையை அணிலுக்கும் காக்கைக்கும் கொடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். இரண்டு கட்டுரை படித்ததும் மொட்டைமாடிக்குப் போங்கள். மீதிப் பாடம் அங்கே நடக்கிறது.

● சங்கப் பாடல்களில் பெரும்பகுதி காதல். அதை இயற்கை எழுத்து என்பது வெறும் பெருமைப் பேச்சுதானே?
– தஞ்சாவூர் வாசகர்

படிக்காமல் சொன்னால் பெருமைப் பேச்சு. படித்துவிட்டுச் சொன்னால் உண்மை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். காதலுக்கு ஒரு பூ போதும். 99 பூவுக்கு மலையே தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் பத்தையாவது நேரில் பார்த்து அடையாளம் சொல்லப் பழகுவோம். அப்புறம் தாராளமாகப் பெருமைப்படலாம்.

● அமெரிக்கக் குளக்கரையில் தோரோ குடிசை போட்டதைப் படித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?
– கோவில்பட்டி வாசகர்

குடிசையை விடுங்கள், அவருடைய குறிப்பேட்டைப் பாருங்கள். தன் ஊரான கான்கார்டில் எந்தச் செடி என்றைக்குப் பூத்தது என்று 1850களில் எழுதிவைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அறிவியலாளர்கள் அதே ஊரில் ஒப்பிட்டார்கள். பல செடிகள் இப்போது முன்கூட்டியே பூக்கின்றன. காரணம், கூடிவரும் வெப்பம். உங்கள் ஊர் வேம்பு என்றைக்குப் பூத்தது என்று யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் அந்த வேலை உங்களுடையது.

● வேளச்சேரியில் நான்காவது மாடி. எனக்கு ஏது நிலம், ஏது திணை?
– சென்னை வாசகி

பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. சதுப்புநிலங்களுக்கான சர்வதேசப் பட்டியலான ராம்சரில் 2022இல் இடம்பெற்றது. அடுத்த மழையில் உங்கள் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், அது போய்ச் சேரும் இடம்வரை விசாரியுங்கள். வழியில் எதெல்லாம் மறிக்கிறது என்று தெரிந்தால் உங்கள் நிலம் தெரிந்துவிடும். அதைக் கோபத்தோடு எழுதுங்கள். ஆனால் இடம், அளவு, தேதி தவறாமல் எழுதுங்கள்.

● மாற்றலாகி ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு எது சொந்த இடம்?
– வங்கி ஊழியர், ஓசூர்

தியடோர் பாஸ்கரன் அஞ்சல்துறை அதிகாரியாக இருந்தவர். அவருக்கும் மாற்றல் இருந்தது. போன ஊரெல்லாம் பறவை பார்த்தார். ஓர் ஊரின் மரங்களையும் பறவைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தால் அது உங்கள் ஊர்தான்.

● எழுதி என்ன மாறிவிடும்?
– திருச்சி வாசகர்

ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962இல் வந்தது. பத்தே ஆண்டில் அமெரிக்க வயல்களில் டிடிடி பூச்சிக்கொல்லி தடைசெய்யப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆட்சியரிடம் எழுதியே வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஊரை அறிந்தவர்கள் எழுதி வாங்கிய அந்தத் தாளும் என் கணக்கில் சுற்றுச்சூழல் இலக்கியம்தான்.

● நானும் எழுத வேண்டும். முதல் வரி?
– பிளஸ் டூ மாணவன், தென்காசி

இன்றைய தேதி. இரண்டாவது வரி, நின்ற இடம். மூன்றாவது, கண்ணால் பார்த்தது. உவமை நாளைக்கு வரட்டும்.