ஃபேனே போடலை!

போன ஞாயிற்றுக்கிழமை சகலை வந்திருந்தார். செருப்பைக் கழற்றின கையோடு அண்ணாந்து எங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறீங்களா?" என்றார். நத்தத்தில் சித்திரை வெயிலுக்கு வேறு எதைப் போட்டுக்கொண்டு படுப்பது? மனிதர் மலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதே புரிந்துவிட்டது.

"வட்டவடை, சகலை. மூணு நாள். ஃபேனே போடலை!"

அங்கே ஃபேனே கிடையாது. இல்லாததை எப்படிப் போடுவது? இப்படிக் கேட்டால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், அதில் என்ன சந்தேகம்?

வட்டவடைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்று உருப்படியாக நாலு தகவல் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று.

ஒரு காலத்தில் கொடைக்கானல் போய் வந்தாலே தெருவில் மரியாதை இருந்தது. இப்போது கொடைக்கானல் என்றால், "அங்கேயும் இப்பல்லாம் சூடுதாங்க" என்கிறார்கள். அதோடு 2024 மே முதல் இ-பாஸ் வேறு. சரி, பூம்பாறை. மலைப்பூண்டு விளைகிற ஊர், 2019-ல் அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. "அங்கே கண்டவனும் போறான்" என்று அதையும் தள்ளியாயிற்று. அடுத்து மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. கிளாவரையில் திண்டுக்கல் மாவட்டமும் முடிகிறது, ரோடும் முடிகிறது. பெருமை மட்டும் முடியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது வட்டவடை. கிளாவரையிலிருந்து கால்நடையாகப் போகக் காட்டுப்பாதை உண்டு. காரில் என்றால் வத்தலக்குண்டு, தேனி, போடிமெட்டு, மூணாறு, டாப் ஸ்டேஷன் என்று மலையையே ஒரு பிரதட்சிணம் வந்து, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் செக்போஸ்ட்டில் நுழைய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பி ஓட, வெள்ளைக்காரன் கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு ரோடு வைத்திருந்தான். ஜப்பான்காரன் வரவில்லை. அந்த ரோடும் இப்போது நமக்கு இல்லை. சகலைக்குப் போடிமெட்டுதான் கதி.

இனி அந்தக் குளிருக்கு வருவோம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குளிரை அளக்க டிகிரி தேவையில்லை, கம்பளிக் கணக்குதான். ஒரு கம்பளி சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டுக்கு "அப்படியா?" என்பார்கள். மூன்றிலிருந்துதான் மரியாதை. சகலை மூன்றில் ஆரம்பித்தார். சாம்பார் ஊற்றும்போது நான்காகிவிட்டது. ரசத்துக்கு வருவதற்குள், "அதுக்கு மேல ஸ்வெட்டர்."

அடுத்த சாட்சி தேங்காய் எண்ணெய். "பாட்டில்ல எண்ணெய் கல்லாயிருச்சு சகலை!" தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். மார்கழியில் எங்கள் வீட்டு அலமாரியிலேயே உறைகிறது. அதைப் பார்க்க நான் யாரையாவது கூப்பிட்டேனா?

அப்புறம் தண்ணீர். தொட்டால் கரண்ட் அடிக்கிறதாம். "அப்ப குளிச்சீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். மூன்று நாளும் குளிக்கவில்லை. அதை அவர் சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே! நத்தத்தில் ஒரு வேளை குளிக்காமல் வந்தால் திண்ணையிலேயே நிறுத்திவிடுவார்கள். மலையில் குளிக்காமல் இருந்தால் அது சாதனை.

அப்புறம் டீ. வாயில் வைப்பதற்குள் ஆறிவிட்டதாம். அப்புறம் வாயில் புகை. இதற்கு வீடியோ ஆதாரமே உண்டு. ஐம்பது வயது மனுஷர் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்து "ஹா... ஹா..." என்று ஊதுகிறார். பக்கத்தில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தோளில் ஒரு துண்டோடு நின்று, இவருக்கு என்ன உடம்புக்கு என்று பார்க்கிறார்.

கடைசியில் பனிமூட்டம். "எதிர்ல நிக்கிற ஆள் தெரியலை!"

"சரி, அங்கே என்னதான் பாத்தீங்க?"

"ஒண்ணுமே தெரியலை சகலை. அவ்வளவு சூப்பர்!"

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். பள்ளிக்கூடத்துப் பாடம் இது. சகலை பேசியதைக் கேட்டால் அந்த ஆறு டிகிரியையும் அவரே கையைவிட்டுக் குறைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

ஊரைப் பற்றியும் கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே பேச்சு தமிழ், பட்டா கேரளத்தில். படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். விளைகிறதில் பெரும்பங்கு நம் பக்கத்து வியாபாரிகளிடம் வந்து சேர்கிறது, விலையை முடிவு செய்வதும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். 2006-ல் குறிஞ்சிச் செடிக்கென்றே அங்கே குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தார்கள். குறிஞ்சி 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். பட்டாத் தகராறு மட்டும் வருஷம் பூராவும் பூக்கிறது. இதையெல்லாம் யாரிடமாவது விசாரித்தாரா என்றால், "நெட்வொர்க்கே இல்லை சகலை, சொர்க்கம்!" என்றார். ஊர்க்காரர்களிடம் பேச நெட்வொர்க் எதற்கு?

போட்டோக்களைக் காட்டினார். வயல் இருக்கிறது, மேகம் இருக்கிறது, சகலை இருக்கிறார். கேரட் பிடுங்கிய ஆள் ஒருவர்கூட இல்லை. "ஒரு அம்மா மண்வெட்டியோட குறுக்கே நின்னுச்சு. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டேன்" என்றார். அது அந்த அம்மாவின் வயல்.

இதற்கு நடுவில் என் மனைவி, "பக்கத்துல இருக்கிற சிறுமலைக்காவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்றாள். அதற்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

கிளம்பும்போது சகலை ஒரு பை பூண்டு கொடுத்தார். நல்ல பூண்டு, அதை மறுக்க முடியாது. "கிலோவுக்கு நாப்பது ரூபா அடிச்சுப் பேசி வாங்கினேன்" என்றார். அதுவும் அந்த அம்மாவிடம்தானாம்.

எப்படிப் போவது என்று மேலேயே சொல்லிவிட்டேன். எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்பதைச் சகலையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அங்கே பூண்டு வாங்கினால் பேரம் பேசாதீர்கள். பேசியே தீருவேன் என்கிறவர்கள், விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பளியை உதறிவிட்டு அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து ஒரு பாத்தி பூண்டு பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.